டவுன்: ஒரு குன்றின் பெயர்

ஒரகடம் பக்கம் ‘டவுன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வல்லக்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் “டவுனுக்குப் போறேன்” என்றால் ஸ்ரீபெரும்புதூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ கிளம்பிவிட்டார். அதே ஆள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, “இன்னிக்கு லைன் டவுன்” என்றால் ஆலையில் உற்பத்தி வரிசை நின்றுபோயிற்று. என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு அத்தை மகனும் ஆன மாமா, வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர். அவருக்குத் தெரிந்தவை இந்த இரண்டும்தான். 2009-ல் தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், மருத்துவர் ஒரு சீட்டைக் கொடுத்து ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று சொன்னார். மாமா கேட்டார்: “டவுன்னா, திரும்ப எப்ப சார் ஓடும்?”

நின்ற மெஷின் எப்படியும் ஓடியாக வேண்டும் என்பது அவர் அனுபவம். மருத்துவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. அக்கா சொன்னது மட்டும் இன்றைக்கும் காதில் நிற்கிறது: “நாம பேர் வெக்கறதுக்கு முன்னாடியே அவங்க ஒரு பேர் வெச்சிட்டாங்கடா.”

தாய்மாமன் நான். பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வதும், மடியில் வைத்துக் காது குத்துவதும் என் உரிமை. எனக்கு முந்திக்கொண்ட அந்த இன்னொரு பெயர் எங்கிருந்து வந்தது என்று அன்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, டவுன் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்து மருத்துவர். தாழ்வு, இறக்கம் என்ற பொருளில் யாரும் அதை இந்தப் பிள்ளைகளுக்குச் சூட்டவில்லை. அந்தக் குடும்பப் பெயரின் வேரோ பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’. பொருள், குன்று. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளை இன்றும் டவுன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயரின் முற்பாதியான லாங்டன் என்பதும் நீண்ட குன்று. அப்படியானால் ‘கீழே’ என்ற பொருள் எப்படி வந்தது? ‘குன்றிலிருந்து’ என்று பொருள்படும் ‘ஆஃப்டூனெ’ என்ற தொடர் பேச்சில் தேய்ந்து தலையை இழந்து வாலாக மட்டும் நின்றது. குன்றிலிருந்து வருவது என்றால் இறங்குவது. இப்படி, உயரத்தைக் குறித்த சொல்லே பள்ளத்தைக் குறிக்கும் சொல்லாகிப் போனது.

ஊரைக் குறிக்கும் டவுனுக்கு வேர் வேறு. அது ‘டூன்’ என்பதன் வல்லோசைக்காரத் தம்பி. வேலியிட்ட இடம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் வேலி என்றே பொருள். பழைய கெல்டிக் மொழிகளில் அதற்கு இனமான சொல் அரண், கோட்டை என்பதைச் சொல்லும். குன்று, அரண் இரண்டும் ஒலியால் இப்படி அண்டை வீடுகளாக நிற்பது தமிழருக்குப் புதிதாக இருக்காது. நம்மிடம் ‘கோடு’ என்ற சொல்லுக்கு மலைமுடி என்றும் பொருள், அரண் என்றும் பொருள். கோட்டை அந்த அரண் பக்கத்துச் சொல். ஆக, வல்லக்கோட்டையில் நின்று ‘டவுன்’ என்று சொல்கிறவர் ஒரு கோட்டையில் நின்று இன்னொரு கோட்டையின் பெயரைச் சொல்கிறார்.

எங்கள் ஊர்ப்பெயரையும் இங்கே பார்த்துவிடலாம். அருணகிரிநாதர் திருப்புகழில் இந்த ஊர் கோடைநகர். வல்லக்கோட்டை என்ற பெயருக்குத் தலபுராணம் சொல்லும் கதை, வல்லன் என்ற அசுரனை முருகன் வென்றதும், அவன் வேண்டிக்கொண்டபடி ஊர் அவன் பெயரால் வழங்கியதும். பக்கத்திலேயே வல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிப்காட்டின் வல்லம் வடகால் தொழிற்பூங்கா அந்தப் பெயரைத்தான் தாங்குகிறது. வல்லமும் கோட்டையும் சேர்ந்ததே வல்லக்கோட்டை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் கதையைத் தள்ளிவிட மனம் வரவில்லை. வெல்லப்பட்ட ஒன்றின் பெயர் வென்ற இடத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும் என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது.

டவுன் பெயருக்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு இருந்த பெயர் இன்னும் கொடுமையானது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் மூத்த தலைமுறை மருத்துவர்கள் ‘மங்கோல் பேபி’ என்று சொன்னதுண்டு. அந்தப் பெயரைத் தொடங்கி வைத்தவரும் இதே லாங்டன் டவுன்தான். 1858-ல் சர்ரே மாவட்டத்தின் எர்ல்ஸ்வுட் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற அவர், அங்கிருந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து இனவாரியாகப் பிரித்தார். எத்தியோப்பிய வகை, மலாய் வகை, மங்கோலிய வகை. இதைக் கட்டுரையாக எழுதி 1866-ல் அச்சிட்டார்; அதில் மூன்றாவது வகை மட்டும் நிலைத்துவிட்டது. அவர் வரைந்த உருவ விவரம் அவ்வளவு துல்லியம். அவர் சொன்ன காரணமோ முழுத் தவறு. பெற்றோரின் காசநோய் பிள்ளையை இப்படி ஆக்கியிருக்கலாம் என்று எழுதினார். முதல் பழி அன்றைக்கே பெற்றோர் தலையில் விழுந்தது.

அவரை வெறும் இனவெறியர் என்று தள்ளிவிடக் கூடாது. வெள்ளைக்காரப் பெற்றோருக்கு ஆசிய முகச்சாயலில் பிள்ளை பிறக்க முடியுமென்றால் இனங்களுக்கு நடுவே உடையாத சுவர் ஏதும் இல்லை, மனித குலம் ஒன்று என்பதுதான் அவர் கட்டுரையின் முடிவு. அடிமை முறைக்காக அமெரிக்காவில் போர் நடந்து ஓய்ந்திருந்த நேரம் அது. அவர் இறந்து சில ஆண்டுகளில், 1905-ல், அவர் மகனுக்குப் பிறந்த பிள்ளைக்கும் இதே நிலை இருந்தது. குடும்பத்தோடுதான் அந்தப் பிள்ளை வளர்ந்தது.

பெயரை மாற்றச் சொன்னவர்கள் அறிவியலாளர்களே. 1961-ல் மரபியல் வல்லுநர்கள் பத்தொன்பது பேர் கையெழுத்திட்ட கடிதம் லான்செட் இதழில் வந்தது. ஒரு நாட்டு மக்களின் பெயரை நோய்க்கு வைத்திருப்பது ஆசிய ஆய்வாளர்களைச் சங்கடப்படுத்துகிறது, நான்கு மாற்றுப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றது அந்தக் கடிதம். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் லாங்டன் டவுனின் இன்னொரு பேரன். இதழாசிரியர் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்பதை எடுத்துக்கொண்டார். 1965-ல் மங்கோலியா நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிட, அங்கிருந்தும் பழைய பெயர் நீங்கியது. தங்கள் பெயர் வசைச்சொல்லாக உலவுவதைத் தடுக்க ஒரு தேசம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஊர்ப்பெயர் வசையாவது நமக்கும் தெரிந்த கொடுமைதான். சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அந்த ஊர் செய்த தவறு அது ஒன்றுதான். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லாத தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் உண்டா? அந்தப் பெயரிலும் ‘கீழ்’ இருக்கிறது. ஊர்ப்பெயர்களில் கீழ் என்றால் கிழக்கு. தமிழ்நிலம் மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடல் நோக்கிச் சரிவதால் பள்ளத்துக்கும் கிழக்குக்கும் ஒரே சொல் வந்தது. பொழுது விடிகிற திசைக்கு நாம் வைத்த பெயர்.

பெயரைச் சொல்லிக்கொண்டே பொருளை விட்டுவிட்டேன். அக்கா வீட்டு பீரோவில் ஒரு தாள் இருக்கிறது. பிள்ளையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு செல்லின் குரோமோசோம்களைப் படம்பிடித்து, பெரியதிலிருந்து சிறியது வரை ஜோடி ஜோடியாக வரிசைக்கு அடுக்கிய தாள். குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் கொண்ட, மண்புழு போல வளைந்த குட்டிக் கோல்கள். இருபது ஜோடிகள் ஒழுங்காக வருகின்றன. இருபத்தொன்றாம் எண்ணுக்கு மேலே மட்டும் மூன்று, மூன்றும் ஒன்றைப்போல் ஒன்று. மொத்தம் 47. மாமா அந்தத் தாளை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, பார்ட் எண்ணிச் சரிபார்க்கிற அதே கவனத்தோடு, விரல் வைத்து எண்ணினார். “ஒண்ணு கம்மின்னா பரவாயில்ல, தேடலாம். ஒண்ணு கூட இருக்குதே” என்றார்.

குரோமோசோம் என்ற சொல்லை 1888-ல் ஆக்கியவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டயர். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். உண்மையில் அதற்கென்று நிறமே கிடையாது. ஆய்வகத்தில் ஊற்றுகிற சாயத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குரோமோசோம் என்றே எழுதுகின்றன. நிறப்புரி என்றும் ஒரு சொல் உண்டு; கயிற்றின் முறுக்கிழையைச் சொல்லும் ‘புரி’ அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, உள்ளே இருப்பது முறுக்கிய இரட்டை இழைதானே. இலங்கைத் தமிழர் நிறமூர்த்தம் என்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்தம். கோயிலில் பழகிய சொல் அது. ஏழடி உயர மூலவர் நிற்கிற ஊரில், கண்ணுக்கே தெரியாத ஒன்றையும் மூர்த்தம் என்று சொல்ல முடிகிறது என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

மனித செல்லில் 46 என்று சரியாக எண்ணவே 1956 வரை ஆயிற்று. சுவீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணிச் சொல்லும்வரை பாடநூல்கள் முப்பது ஆண்டுக்கு மேலாக 48 என்று எழுதிக்கொண்டிருந்தன. அடுத்த மூன்றாம் ஆண்டு, 1959 ஜனவரியில், டவுன் பிள்ளைகளிடம் 47 இருப்பது பாரிஸிலிருந்து அச்சில் வந்தது. அங்கே அதற்கான ஆய்வுக்கூடத்தை நிறுவி, செல் வளர்க்கத் தன் ரத்தத்தையே கொடுத்து வேலை பார்த்தவர் மார்த்த கோத்தியே என்ற பெண் மருத்துவர். புகழ் போய்ச் சேர்ந்தது உடன் வேலை பார்த்த ஜெரோம் லெழேனுக்கு. முதல் கட்டுரையில் கோத்தியேயின் பெயர்கூடத் தப்பும் தவறுமாக அச்சாயிற்று. மார்த்த என்பது மாரி ஆகிவிட்டது. பெயர்களின் வரலாற்றைத் தேடப்போன எனக்கு மிகவும் வலித்த இடம் இது.

இருபத்தொன்று என்ற எண்ணிலும் ஒரு பிசகு இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதாக எண் கொடுத்தார்கள். பிற்பாடு நுட்பமாக அளந்தபோது 22-ஐ விட 21 சிறியது என்று தெரிந்தது. முறைப்படி எண்ணை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் டவுன் என்றால் இருபத்தொன்று என்று பதிந்துவிட்டது. எனவே பிசகை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று இருபத்தொன்றுகள் என்பதால் மூன்றாம் மாதம் 21-ம் தேதி டவுன் சிண்ட்ரோம் நாள், ஐ.நா. 2012 முதல் அதைக் கடைப்பிடிக்கிறது.

“சொந்தத்துல கட்டிக்கிட்டதாலதான்” என்றார்கள் ஊரில். “கிரகணத்துல வெளிய வந்திருப்பா” என்றார்கள். இரண்டும் இல்லை. நெருங்கிய உறவில் மணப்பதால் கூடும் நோய்கள் உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்கிறபோது வருபவை அவை. கூடுதல் இருபத்தொன்று அப்படி வருவதில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகிறபோது ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டே போய்விடுவதால் நேர்வது. அந்தப் பிரிவினை ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டு காத்திருக்கிறது. வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. அக்காவுக்கு அப்போது 24 வயது. இளம் தாய்மார்களுக்கும் இப்படிப் பிறக்கிறது. இதில் அவள் செய்ததோ செய்யாமல் விட்டதோ எதுவும் இல்லை.

குரோமோசோம் மாற்றத்துக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்புக்கு இனி வருகிறேன். இந்தத் தேடலில் நான் கண்டு பயந்ததும், தெளிந்ததும் இங்கேதான். குரோமோசோமில் கூடுதலோ குறைவோ இருக்கிற குழந்தைகள் சிலருக்கு மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். டவுன் பிள்ளைகளிடம் ஆட்டிசமும் கவனக்குறைவும் அதிகம்; வளரிளம் பருவத்தில் மனச்சோர்வும் உண்டு. 22-ம் குரோமோசோமில் ஒரு துணுக்கு விடுபட்டுப் பிறப்பவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் பலம். குழந்தைப் பருவத்தில் பதற்றமும் கவனக்குறைவும். வளர்ந்தபின் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவோ அதைச் சார்ந்த நோயோ.

அந்த நிலைக்கு முன்பு வைத்த பெயர்கள் பல. டிஜார்ஜ் என்று ஒருவர் பெயர், ஷ்பிரின்ட்சன் என்று இன்னொருவர் பெயர். 1990-களில் உறுப்புக் குறைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கேட்ச் 22’ என்றார்கள். ஜோசப் ஹெல்லரின் நாவலால் அது ‘தப்ப வழியே இல்லாத பொறி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே பரவியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாயிடம் போய்ச் சொல்கிற பெயரா அது? கைவிட்டார்கள். 15-ம் குரோமோசோம் சார்ந்த ஒரு நிலைக்கு 1965-ல் வைத்த பெயர் ‘பொம்மலாட்டப் பிள்ளைகள்’. அதையும் பெற்றோர் மனம் நொந்த பிறகு மாற்றி, கண்டறிந்த ஏஞ்சல்மேனின் பெயரை வைத்தார்கள். கூடுதல் ஒய் குரோமோசோம் உள்ள ஆண்களைக் ‘குற்றவாளிக் குரோமோசோம்’காரர்கள் என்று 1960-களில் பத்திரிகைகள் எழுதின. ஒரு காவல் மருத்துவமனையில் மட்டும் எண்ணிப் பார்த்துக் கிளப்பிய கதை அது. வெளியில் எண்ணிப் பார்த்தபோது நிற்கவில்லை.

இப்போது பெயருக்குப் பதில் முகவரி வந்திருக்கிறது. 22க்யூ11.2 விடுபாடு. இருபத்திரண்டாம் குரோமோசோம், நீண்ட கை, முதல் பகுதி, முதல் பட்டை, இரண்டாம் உட்பட்டை. அதனால் ‘பதினொன்று’ என்று படிக்கக் கூடாது, ‘ஒன்று ஒன்று’ என்றே படிக்க வேண்டும். குட்டைக் கைக்குப் ‘பி’ என்று பெயர். சிறியது என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து என்பார்கள். அதற்கு அடுத்த எழுத்து ‘க்யூ’ என்பதால் நீண்ட கை க்யூ. சிப்காட்டில் பிளாட் எண்ணைச் சொல்லி லாரிக்காரர் வழி கேட்பது போலத்தான். எந்த இனத்தையும் எந்த ஊரையும் இழிவுபடுத்தாத பெயர். தமிழில் நாமும் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். ஊனமுற்றோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி என்று 2010-ல் அரசே மாற்றியபோது பலர் ‘பேரில் என்ன’ என்றார்கள். இன்று பஸ் இருக்கையில்கூட அந்தச் சொல்தான்.

நல்ல பெயரும் ஒரு கெடுதல் செய்யும். அக்கா மகனுக்குப் பதினாலு வயதானபோது அவன் தாத்தா, மாமாவின் அப்பா, போய்ச் சேர்ந்தார். கிருத்திகைதோறும் பேரனைக் கைப்பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனவர் அவர். அர்ச்சனைச் சீட்டுக்கு “பேரு, நட்சத்திரம்?” என்று கேட்டால் பையன் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்வான், தாத்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு பையன் பேச்சைக் குறைத்தான். தட்டைத் தள்ளினான். பிறகு கோயில் தெரு முனையிலேயே உட்கார்ந்துவிடுவான், உள்ளே வரமாட்டான். ராத்திரி தூக்கமில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் பழைய சீட்டைப் பார்த்தார். பையனைப் பார்க்கவில்லை. “டவுன் பிள்ளைதானே, வயசு வர வர இப்படித்தான் இருக்கும்” என்றார்.

‘இப்படித்தான்’. அந்த ஒரு சொல் எங்களுக்கு நான்கு மாதத்தைத் தின்றது.

ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1982-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். ஒரே மனநோய் அறிகுறிகளை எழுதி, அறிவுத்திறன் குறைந்தவர் என்ற குறிப்போடு கொடுத்தால் வல்லுநர்களே அந்த நோயைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முதல் பெயரின் நிழல் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது. பையனின் துக்கத்தின் மேல் விழுந்ததும் அந்த நிழல்தான். பிறகு பார்த்த குழந்தை மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுல சமீபத்துல யாராவது தவறிட்டாங்களா?” தைராய்டு பரிசோதித்தார், குறைவாக இருந்தது. காதில் அழுக்கு அடைத்துக் கேட்கும் திறனும் மங்கியிருந்தது. மனச்சோர்வு என்று தனியாகப் பெயர் எழுதி, அதற்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கினார். ஏழெட்டு மாதத்தில் பையன் மறுபடி சாப்பாட்டுக்குச் சண்டை போட்டான்.

கூடுதல் இருபத்தொன்றை யாரும் எடுக்க முடியாது. தைராய்டுக்கு மாத்திரை உண்டு. காது அடைப்பை நீக்கலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதைச் சரிசெய்யலாம். மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பிள்ளைகளிடமும் குணமாகின்றன. முட்டுக்காட்டில் தேசிய பல்வகை ஊனமுற்றோர் ஆற்றல்படுத்தும் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பிறந்த குழந்தைகளுக்கு மாவட்டம்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உண்டு. ஷிப்டு வேலை, கம்பெனி பஸ் நேரம், ஒரு நாள் லீவு போட்டால் சம்பளப் பிடித்தம் என்று நம் பகுதிப் பெற்றோருக்கு இருக்கிற நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைக்கு டவுன் என்றோ வேறு குரோமோசோம் மாற்றம் என்றோ எழுதித் தந்திருந்தால், நேற்று வரை செய்ததை அவன் இன்று திடீரென்று விட்டுவிட்டால், பேச்சோ தூக்கமோ சாப்பாடோ மாறினால், ‘இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். தைராய்டு பார்த்தீர்களா, காது பார்த்தீர்களா, தூக்கம் பார்த்தீர்களா, அவன் மனதைக் கேட்டீர்களா என்று கேளுங்கள். பார்த்துச் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.